பட்டாணிக்குப் பூசிய சந்தனம்

திருத்தணி மலைமேல் முடி காணிக்கை மண்டபத்தில் இருபத்தெட்டு வருஷமாக மொட்டை அடிக்கிறேன். கங்காதரன் இருக்கிறாரா என்று பெயர் சொல்லிக் கேட்டு வருகிற குடும்பங்கள் சித்தூர் வரைக்கும் உண்டு. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு டாக்டரம்மா ஒரு பூனையின் வயிற்றை மழித்துவைத்திருந்த லட்சணத்தைப் பார்த்து எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று உங்களுக்குப் புரிய வேண்டும். அதற்காகத்தான் இதை முதலில் சொல்லிவைக்கிறேன்.

பூனையின் பெயர் பட்டாணி. எங்கள் வீட்டுக்கு வந்த மூன்று வருஷத்தில் நான்கு முறை குட்டி போட்டுவிட்டாள். ஒவ்வொரு முறையும் பீரோவின் கீழ்த்தட்டில், என் மனைவி பிரேமாவின் பட்டுப்புடவைமேல்தான் பிரசவம். வேறு எங்கே சாக்கு விரித்துக் கொடுத்தாலும் அவளுக்குப் பிடிக்காது. கடைசி ஈற்றில் மூன்று குட்டிகளில் ஒன்றுதான் தங்கியது. பட்டாணியும் எலும்பும் தோலுமாகிவிட்டாள். பால் கொடுத்துக்கொண்டே தூங்கிவிழுகிற பூனையை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பிரேமா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

"போதும் பாவா. அதுவும் ஒடம்புதானே. எவ்ளோதான் தாங்கும்," என்றாள். பிரேமா என் தாய்மாமன் மகள். பாவாடை கட்டிய வயதிலிருந்து நான் அவளுக்குப் பாவாதான்.

கே.ஜி.கண்டிகை போகிற ரோட்டில் ஷாலினி என்று ஒரு கால்நடை டாக்டரம்மா இருக்கிறார். குட்டி பால் மறந்து பக்கத்து வீட்டுக்குப் போன பிறகு, ஒரு திங்கட்கிழமை பட்டாணியை வயர்கூடையில் போட்டு, மேலே துண்டைக் கட்டி, ஷேர் ஆட்டோவில் கொண்டுபோனோம். காலையில் விட்டு, சாயங்காலம் போய் வாங்கிக்கொண்டோம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டுத் தையல் போட்டிருந்தார். பட்டாணியின் கழுத்தைச் சுற்றி பிளாஸ்டிக்கில் ஒரு கூம்பு. பாதி மயக்கத்தில் எங்கள் இரண்டு பேரையும் யாரோ எவரோ என்று பார்த்தாள்.

டாக்டரம்மா சின்ன பாட்டிலில் மருந்தும், ஊசி இல்லாத சிரிஞ்சும் கொடுத்தார். "இது வலி மருந்துங்க. தினம் ஒரு வேளை, சாப்பிட வெச்சப்புறம், இந்தக் கோடு வரைக்கும் மட்டும். நாளையிலேர்ந்து நாலு நாள். நல்லாதானே இருக்குன்னு நீங்களா நிறுத்திடாதீங்க. சாப்பிடலன்னா உடனே எனக்கு போன் பண்ணுங்க. இந்தக் கூம்பைக் கழட்டக் கூடாது, நக்கி நக்கியே தையலைப் பிரிச்சிரும். வெட்டின எடத்துல எதையும் தடவாதீங்க. நாம சாப்பிடற காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை, ஒரு துணுக்குகூடக் குடுக்கக் கூடாது. பூனைக்கு அது விஷம்."

பிரேமா ஒவ்வொன்றுக்கும் ஆங், ஆங் என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் பட்டாணியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் தோல் தெரிகிறது, இன்னொரு பக்கம் மயிர் அரைகுறையாக நிற்கிறது, ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி இருக்கிறது. மிஷினை வைத்து ஓட்டியிருக்கிறார். இப்படி ஒரு தலையை நான் சன்னிதிக்கு அனுப்பியிருந்தால் அன்றைக்கே என்னை மலையிலிருந்து இறக்கிவிட்டிருப்பார்கள். வீடு வந்து சேரும்வரை இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தேன். பிரேமா காதில் வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் பொதட்டூர்பேட்டைக்குப் போக வேண்டியிருந்தது. அவள் தங்கை துர்காவின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. ஒரு மாதத்துக்கு முன்பே நாள் குறித்தது. பெரியம்மா இல்லாமல் நடக்காது. காலையில் பட்டாணிக்கு ஒரு வாய் சோறு ஊட்டி, மருந்தைக் கொடுத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிய பிறகும் வாசலிலேயே நின்றாள்.

"நீ பாத்துப்பியா பாவா?"

"இன்னா இப்படிக் கேக்கறே. தெனம் நாப்பது தலையப் பாக்கறேன், ஒரு பூன வயித்தப் பாத்துக்க மாட்டனா?"

"அதுதான் எனக்கு பயமா கீது. அந்தம்மா சொன்னத மட்டும் செய். உன் வைத்தியத்த காட்டாதே. வாயில்லா ஜீவன், நான்தான் இஸ்துகினு போய் வெட்டக் குடுத்தேன். நான் இல்லாதப்ப அது வலியில கெடந்துதுன்னா எனக்கு மனசே ஆறாது."

"சத்தியமா ஒண்ணும் ஆவாது. நீ போய் வா," என்றேன்.

என் வைத்தியம் என்று அவள் குத்திக்காட்டியதற்குக் காரணம் உண்டு. என் அப்பா காலம்வரை ஊரில் கட்டி உடைக்கவும், புண்ணுக்கு மருந்து வைக்கவும் எங்கள் வீட்டைத் தேடித்தான் வருவார்கள். எங்கள் ஆட்களை மருத்துவர் என்றுதான் சொல்வார்கள். கத்தி என் கைக்கு வந்ததே தவிர மருந்து வரவில்லை. ஆனால் அந்தப் பெயர் மட்டும் எனக்குள் கொஞ்சம் அதிகமாகவே தங்கிவிட்டது. எவனுக்காவது ஒரு கொப்புளம் என்றால்கூட என் வாய் சும்மா இருக்காது.

புதன்கிழமை காலையில் மீனை வேகவைத்து, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து வைத்தேன். பட்டாணி வந்து முகர்ந்தாள். கூம்பு கிண்ணத்தில் இடித்தது. திரும்பிப் போய் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் சாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டாள். பாவம், அந்தப் பிளாஸ்டிக்கை மாட்டிக்கொண்டு எப்படிச் சாப்பிடும் என்று கூம்பைக் கழற்றினேன். அப்படியும் சாப்பிடவில்லை. மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை போல, பசித்தால் தானாக வரும் என்று விட்டுவிட்டேன். டாக்டரம்மாவுக்குப் போன் பண்ண வேண்டும் என்பது ஞாபகத்துக்கு வந்தது. இதற்கெல்லாமா ஒரு போன் என்று அதையும் விட்டேன்.

அவள் கத்தவில்லை. முனகவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். தலையைத் தடவினேன், குர்ர் என்று சத்தம் வந்தது. பூனை குர்ர் என்றால் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம், இது யாருக்குத்தான் தெரியாது. வலி இல்லாத பூனைக்கு எதற்கு வலி மருந்து. இங்கிலீஷ் மருந்தைத் தேவையில்லாமல் உள்ளே தள்ளுவானேன். பாட்டிலை எடுத்து ஜன்னல் மேல் வைத்துவிட்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். மழித்த இடம் சிவந்திருப்பது கண்ணில் பட்டது. மலைமேல் மொட்டை அடித்ததும் குளித்துவிட்டு வந்து தலையில் சந்தனம் அப்புவார்கள். பிளேடு பட்ட எரிச்சல் சட்டென்று அடங்கும். கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்தும். இருபத்தெட்டு வருஷமாகக் கண்ணால் பார்க்கிற மருந்து இது. தலைக்கு ஆகிறது வயிற்றுக்கு ஆகாதா. பூஜை அலமாரியிலிருந்து சந்தனக் கட்டையை எடுத்து, கல்லில் கெட்டியாக இழைத்து, பட்டாணியின் வயிற்றில் பூசினேன். தையல்மேலும்தான். சும்மா சொல்லக் கூடாது, என் கைபட்ட பிறகு அந்த வயிறு பார்ப்பதற்குக் கொஞ்சம் லட்சணமாக ஆனது. போனில் பிரேமா கேட்டபோது ராஜாத்தி மாதிரி இருக்கிறாள் என்றேன். கவலைப்படாமல் பந்தியைக் கவனி என்றும் சொன்னேன்.

வியாழக்கிழமை விடிந்தபோது மீன் சோறு வைத்தபடியே இருந்தது. பட்டாணி அதே இடத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டேன், காது மட்டும் பின்னால் மடங்கியது. சரி, மலைக்குப் போய்விட்டு வந்து பார்ப்போம் என்று கிளம்பினேன். ஆனால் படி ஏறும்போதே மனசு சரியில்லை. மண்டபத்தில் உட்கார்ந்தும் அந்தக் கிண்ணமே கண்முன் நின்றது.

ஒன்பது மணி இருக்கும். புத்தூரிலிருந்து வந்த ஒரு பெரிய ஆள், நல்ல ஆகிருதி, என் முன்னால் பலகையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். காதுக்குப் பின்னால் வரும்போது என் கை தவறியது. கீறல்தான், ஆனால் ஆழமான கீறல். ரத்தம் கழுத்தில் இறங்கியது. எத்தனையோ வருஷமாக எனக்கு நடக்காத காரியம்.

"மன்னிச்சிருங்க அண்ணே. வலிக்குதா?"

"பரவால்ல நைனா, நீங்க அடிங்க," என்றார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. முகத்திலும் தெரியவில்லை. நான் வழக்கம்போலக் குனிந்து அவர் காலைப் பார்த்தேன்.

வழக்கம்போல என்று ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் தொழிலில் இது பாலபாடம். அழுகிற தலையைப் பற்றிக் கவலையே இல்லை. அந்த அழுகையில் பாதி பயம், பாதி தலையில் ஊற்றுகிற பச்சைத்தண்ணீர். பேசாமல் உட்கார்ந்திருக்கிற தலைக்குத்தான் காலைப் பார்க்க வேண்டும். வலித்தால் கால் விரல்கள் உள்ளே மடங்கித் தரையைக் கவ்வும். சாமி காரியத்தில் முகம் சுளிக்கக் கூடாது என்று ஜனங்கள் முகத்தை அடக்குவார்கள், வாயை அடக்குவார்கள். கால் விரலை அடக்க யாருக்கும் தோன்றாது. அந்தப் பெரிய ஆளின் பத்து விரல்களும் பலகையைக் கவ்விப் பிடித்திருந்தன.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. பட்டாணி கத்தவில்லை, அதனால் வலி இல்லை என்று ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேனே, அவள் காலைப் பார்த்தேனா? மனிதர்களிடம் இத்தனை வருஷம் செய்ததை அவளிடம் ஒரு தரம்கூடச் செய்யவில்லை. அந்த அண்ணனுக்குப் படிகாரம் வைத்து, மீதியை முடித்து அனுப்பிவிட்டு, பக்கத்தில் இருந்த குணசேகரனிடம் என் இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். படியில் இறங்கவில்லை, கிட்டத்தட்ட விழுந்துகொண்டே வந்தேன்.

பட்டாணி அதே இடத்தில்தான் இருந்தாள். கீழே படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தேன். நான்கு பாதங்களையும் வயிற்றுக்குக் கீழே இறுக்கிக்கொண்டிருந்தாள். நகம் வெளியே வந்து சாக்கில் பதிந்திருந்தது. சந்தனம் காய்ந்து வெடித்து, தையலைச் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தது. கூம்பு இல்லாததால் எட்டிய இடத்தையெல்லாம் நக்கியிருந்தாள். அந்த இடம் ஈரமாக, வீங்கிக் கிடந்தது. நான் தொட்டதும் குர்ர் என்றாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜன்னலில் இருந்த பாட்டிலைப் பார்த்தேன். விட்டுப்போன மருந்தையும் இன்றைய மருந்தையும் சேர்த்து ஊற்றிவிடலாமா என்று கை போயிற்று. என் வைத்தியத்தை நானே நம்பாத முதல் தடவை அதுதான். கையை இழுத்துக்கொண்டு, பட்டாணியைக் கூடையில் வைத்து, மறக்காமல் கூம்பையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, தனி ஆட்டோ பிடித்தேன்.

டாக்டரம்மா துண்டை விலக்கினார். காய்ந்த பூச்சை விரல் நுனியால் தொட்டார்.

"இது என்னங்க?"

"சந்தனம்மா."

"யாரு போட்டா?"

பக்கத்து வீட்டில் யாரோ போட்டார்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. கூடைக்குள் பட்டாணி என்னைப் பார்த்தாள். "நான்தாம்மா. நேத்து மருந்தும் குடுக்கல. கூம்பையும் நான்தான் கழட்டினேன். நேத்து காலையிலேர்ந்து சாப்பிடல, போனும் பண்ணல. கத்தவே இல்லம்மா, அதான் வலி இல்லன்னு நெனச்சிட்டேன்," என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பஞ்சை நனைத்து நனைத்துச் சந்தனத்தைத் துளித்துளியாக எடுத்தார். "பூனை வலியைக் காட்டிக்காதுங்க. காட்டினா வேற ஏதாவது வந்து அடிச்சிரும்னு அதுக்குப் பொறப்புலயே ஒரு பயம். சாப்பிடாது, ஒடம்பை நக்கிச் சுத்தம் பண்ணாது, மூலையில போய்க் குந்திக்கும். அவ்ளோதான் தெரியும். குர்ர்னு சத்தம் வலியிலயும் போடும், தன்னைத்தானே சமாதானம் பண்ணிக்கற மாதிரி."

"ரெண்டு நாள் மருந்த சேத்துக் குடுத்துரலாமான்னு பாத்தம்மா."

"நல்லவேளை குடுக்கல. கிட்னிய கெடுத்துரும். விட்டது விட்டதுதான். இப்ப நான் வேற ஊசி போடறேன். ராத்திரி சாப்பிட்டாலும் சாப்பிடலன்னாலும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க. காலையில சாப்பிட்டுச்சுன்னா பழையபடி கோடு வரைக்கும் குடுங்க." ஒரு தையல் தளர்ந்திருந்தது. பிரியவில்லை. தளர்ந்ததை மாற்றிப் போட்டு, மேலே என்னவோ தெளித்து, கூம்பை மாட்டினார்.

உயிர் திரும்பியதும் என் வாயும் திரும்பிவிட்டது. "ஒண்ணு சொன்னா கோச்சிக்காதீங்கம்மா. அந்த வயித்த இன்னும் வழவழன்னு மழிச்சிருக்கலாம். அடுத்த தபா என்ன ஒரு வார்த்த கூப்பிடுங்க."

அவர் சிரித்துவிட்டார். "பிளேடு வெச்சா தோல்ல கண்ணுக்குத் தெரியாம கீறல் விழுங்க. அதுல சீழ் பிடிச்சிரும். அதனாலதான் வேணும்னே மிஷின்ல விடறோம்." காலையில் ஒரு காதுக்குப் பின்னால் ரத்தம் பார்த்த கை என்னுடையது. அதை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் அங்கேயே பெஞ்சில் உட்காரச் சொன்னார். கூடையை மடியில் வைத்துக்கொண்டு பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நகம் உள்ளே போனது. பிறகு ஒரு முன்னங்கால் மெதுவாக வெளியே நீண்டது. பிறகு பட்டாணி பக்கவாட்டில் சாய்ந்து, கூம்போடு தலையைக் கூடையின் விளிம்பில் வைத்துத் தூங்கிப்போனாள். உண்மையான தூக்கம். வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த ஒரு மணி நேரம் மாதிரி நிம்மதியாக நான் எந்த ஆஸ்பத்திரியிலும் உட்கார்ந்ததில்லை.

சாயங்காலம் கிண்ணத்தை ஒரு டப்பாவின்மேல் உயர்த்தி வைத்தேன். கூம்பு இடிக்கவில்லை. நான்கு வாய் சாப்பிட்டாள். டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணி நான்கு வாய் என்று கணக்காகச் சொன்னேன். இதற்குத்தானே முதலிலேயே பண்ணச் சொன்னேன் என்றார். வெள்ளிக்கிழமை காலை கிண்ணத்தைக் காலி பண்ணிவிட்டு, இன்னும் வை என்று கத்தினாள். மருந்து கொடுக்கப் போனபோது என் கட்டைவிரலைக் கடித்தாள். கடி நல்ல வலுவாகவே இருந்தது, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பதினோரு மணிக்குப் பிரேமா வந்தாள். கையில் லட்டு டப்பா, துர்கா வீட்டில் வைத்துக்கொடுத்த புடவை. பையைக்கூட இறக்காமல் நேராகப் பட்டாணியிடம் போனாள். பட்டாணி கூம்பால் அவள் முழங்காலை முட்டினாள்.

"நல்லாத்தான் கீறா. பரவால்ல பாவா, பாத்துகினே," என்றாள்.

அப்படியே விட்டிருந்தால் எனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். ஆனால் வாசலில் நின்று அவள் சொல்லிவிட்டுப் போன வார்த்தை என்னை விடவில்லை. கட்டிலில் உட்காரச் சொல்லி, செம்பில் தண்ணீர் கொடுத்து, நான் கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கூம்பு, மருந்து, சந்தனம், போனில் சொன்ன பொய். ஒரு நாள் முழுக்க அது வலியில் கிடந்தது என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். தண்ணீரைக் குடித்து முடித்துச் செம்பைக் கீழே வைத்தாள்.

"அது கத்தலன்னியே. வலின்னு எப்படித்தான் கண்டுபுடிச்சே?"

"கால் வெரலப் பாத்து," என்றேன். புத்தூர் ஆளையும், பலகையைக் கவ்விய விரல்களையும், சாக்கில் பதிந்த நகத்தையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கொஞ்சம் பெருமை திரும்பிவிட்டது. "இருவத்தெட்டு வருசமா இப்படித்தான் பாக்கறேன். மனுஷன் வாய்தான் பொய் சொல்லும், வெரல் சொல்லாது."

பிரேமா சேலையைக் கணுக்காலுக்கு மேல் சற்றுத் தூக்கி, இரண்டு காலையும் எனக்கு முன்னால் நீட்டினாள்.

"ரெண்டு வருசம் முன்ன எனக்குக் கர்ப்பப்பைய எடுத்தாங்களே, அப்பக்கூட எனக்குப் பத்து வெரல் இருந்துது பாவா."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த எட்டாம் நாளே அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். என் பெண்டாட்டி ஒரு முனகல்கூட முனகவில்லை தெரியுமா என்று நான் மலைமேல் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் ராத்திரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்ததைத் தூக்கம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, இத்தனை நாள் தெரியாமலே அவள் பக்கத்தில் படுத்திருந்தேனே என்ற துக்கம் பெரிதாக இருந்தது.

"ரொம்ப வலிச்சுதா?" என்றேன்.

"ஆங்," என்றாள். இரண்டு வருஷமாகக் கேட்பதற்காகக் காத்திருந்த மாதிரி உடனே சொன்னாள். பிறகு எங்கே வலித்தது, இருமும்போது எப்படி, தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது எப்படி, எந்த மாத்திரையை எனக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டாள் என்று ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்தாள். பட்டாணி ஏறி அவள் மடியில் படுத்துக்கொண்டாள். குணசேகரனுக்குப் போன் பண்ணி மத்தியானமும் வர மாட்டேன் என்றேன். அவள் பேசி முடிக்கிறவரை கீழேயே உட்கார்ந்து கேட்டேன், அவள் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டே.